எழுத்துள்ள பக்கம்

சித்தாள் வேலை பார்க்கும் அவளுக்குத் தெருவில் 'சந்தேகம்' என்றுதான் பெயர். தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றே, மாப்பிள்ளை ஏன் சும்மா சும்மா சிரிக்கிறார் என்று விசாரித்தவள்.

அவர்கள் தெரு கோயிலின் பின்மதிலை ஒட்டியது. கருவறையைக் கட்டியது ஓர் அரசன். தூண் மண்டபம் பல தலைமுறை கழித்து வந்தவன் எழுப்பியது. மதில் அதற்கும் பிந்தியது. மதிலின் அடித்தளத்தில், தாமரை இதழ் செதுக்கிய வரிசைக்கு மேலே, ஒரு கல் நிறைய எழுத்து. மதிலுக்கு வெளியே உள்ள நிலம் விளக்கேற்றும் குடிகளுக்கு என்றைக்கும் உரியது என்று ஆய்வாளர் ஒருவர் படித்துச் சொல்லியிருந்தார். கொடுத்தவனின் பெயர் உண்டு. விளக்கேற்றிப் புகையில் கண் கெட்டவர்களின் பெயர் இல்லை.

அந்தக் குடிகளின் வாரிசுகளைத்தான் ஆக்கிரமிப்பாளர்கள் என்று தர்மகர்த்தா வழக்குப் போட்டிருந்தார். கல்லைப் பார்க்க நீதிமன்ற அதிகாரி வருவதாக இருந்தது. அதற்குள் தர்மகர்த்தா, மதில் இறங்கிவிட்டதாகச் சொல்லி, திரும்பக் கட்டுவதற்காகப் பிரிக்க ஆரம்பித்தார். வேலையைத் தெருக்காரர்களுக்கே கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்தார். அவள் அந்த டீயைத் தொடவில்லை.

திரும்ப அதே வரிசையில் அடுக்குவதற்காக, பிரித்த கற்களுக்குச் சிவப்புப் பெயிண்டில் எண் போடுவார்கள். வெளியே தெரியக்கூடாதென்று, சுவருக்குள் போகும் முகத்தில்தான் போடுவது. எழுத்துள்ள அந்தக் கல்லில் மட்டும் எண் எழுத்தின் மேலேயே இருந்தது. போட்டவன் மேஸ்திரி, அவளுடைய சொந்தத் தம்பி.

"என்னடா இது?"

"மழையில எழுத்து அழியுதாம்க்கா. உள்பக்கமா திருப்பிட்டா பத்திரமா இருக்கும்னு தர்மகர்த்தா சொன்னாரு."

"யாரும் படிக்க முடியாம பண்றதுக்குப் பேரு பத்திரமா? உனக்கு என்ன தர்றேன்னாரு?"

அவன் மணலைக் கிளறினான். ஒரு வீடு தருகிறாராம். தெரு எப்படியும் போகத்தான் போகிறது, ஒரு குடும்பமாவது தப்பட்டும் என்றான். அக்காவுக்கும் அதில் ஓர் அறை உண்டாம். எழுதிக் கொடுத்தாரா என்று கேட்டாள். வாய்வார்த்தைதான்.

"கல்லுல வெட்டினதையே மறைக்கிற ஆளு, வாயால சொன்னதையா காப்பாத்துவாரு?"

அவன் கயிறு போடச் சொல்லி ஆட்களைக் கூப்பிட்டான். எழுத்து வெளியே தெரியக் கல் அதன் பழைய இடத்தில் இறங்கியது. தம்பிதானே என்று அவள் விட்டுவிடவில்லை. மேல் வரிசை ஏறும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

சாயங்காலம் வந்த தர்மகர்த்தா, கல்லை யார் திருப்பச் சொன்னது என்று கேட்டார்.

"யாரும் திருப்பலைங்க," என்றாள் அவள். "இருந்தபடியேதான் இருக்கு."

மறுநாள் நீதிமன்ற அதிகாரி, முன்பு கல்லைப் படித்த ஆய்வாளரோடு வந்தார். பெயிண்டுக்கு அடியிலும் வெட்டு ஆழமாகவே இருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி படிக்க ஆய்வாளரிடம் சொன்னாள். படித்ததைத் தன் கண்ணெதிரிலேயே எழுதிக்கொள்ள அதிகாரியிடமும் சொன்னாள்.