சுண்ணாம்புக்கு அடியில் ஒரு பெயர்

எளாவூர் சாலையோரக் கல் மண்டபத்தில்தான் நர்மதா இரண்டாம் வகுப்பு படித்தாள். கல்யாணமான பிறகு ரேஷன் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதும் அங்கேதான். இப்போது அது அங்கன்வாடி. அவள் அங்கே சமையல் செய்கிறாள்.

போன மாதம் பெயிண்ட் அடிப்பதற்காகச் சுவரைச் சுரண்டினார்கள். அடுக்கடுக்காகச் சுண்ணாம்பு உதிர்ந்து, கல்லில் எழுத்துகள் தெரிந்தன. கல்வெட்டு படிக்கத் தெரிந்த கல்லூரி ஆசிரியை ஹம்ஸா வந்து பார்த்தார்.

“இது பெருமாள் கோயிலா இருந்திருக்கு. விளக்கு அணையாம எரியணும்னு ஒரு பொம்பளை நெய்க்காகத் தொண்ணூறு ஆடு குடுத்திருக்காங்க. தொள்ளாயிரம் வருஷம் ஆச்சு.”

“அந்தம்மா பேரு இன்னா மேடம்?”

“நங்கை.”

தினமும் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் நர்மதா காய் நறுக்குவாள். இப்போது ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுத்துகளை மெல்லத் தொட்டாள்.

“பேரு எங்க கீதுன்னு காட்டுங்க மேடம்” என்றாள்.