மார்கழியில் எழுதிய வரிசை

ஜன்னலோரம் இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஒரு கம்பி. அதில் லாரி நம்பர் எழுதிய அட்டைகள் கோத்திருக்கும். புதிதாக வரும் லாரியின் அட்டை வலது பக்கம் ஏறும். சிமெண்ட் ஏற்றப் போகும் லாரியின் அட்டை இடது பக்கம் கழன்று வரும். எண்பதுகளின் பின்பாதியில், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் கேட் ஆபீஸில் நுழைந்ததும் நான் பார்த்தது அந்தக் கம்பியைத்தான். அதை ஒழிக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

கம்பியைக் கவனித்துக்கொண்டவர் டோக்கன் கிளார்க். ஐம்பதைத் தொட்டவர், அதிகம் பேசமாட்டார். வேண்டிய டிரைவர்களின் அட்டையை அவர் முன்னால் நகர்த்துகிறார் என்று மேனேஜருக்குச் சந்தேகம். கம்ப்யூட்டர் வந்தால் அந்தத் தில்லுமுல்லு நடக்காது என்று நம்பினார். எனக்கும் அது பிடித்துப்போயிற்று. பெரம்பலூரில், பால்காரர் ஊற்றும்போதே செம்புக்குள் எட்டிப் பார்க்கிற வீட்டில் பிறந்தவள் நான். யாரையும் எடுத்தவுடன் நம்பியதில்லை.

திருச்சியில் ஆறு மாதம் ‘பேசிக்’ என்ற கம்ப்யூட்டர் மொழி படித்திருந்தேன். அதில் ஒரு வரிசையை எழுதுவது பெரிய வித்தை இல்லை. அடுத்தடுத்துச் சில கட்டங்கள். அடுத்துக் கூப்பிட வேண்டிய லாரி எந்தக் கட்டத்தில் என்று சொல்ல ஓர் எண், புது லாரியை எந்தக் கட்டத்தில் போடுவது என்று சொல்ல இன்னோர் எண். கடைசிக் கட்டம் முடிந்ததும் மறுபடி முதல் கட்டத்துக்கு வர வேண்டும். அதற்குள் அங்கிருந்த லாரி ஏற்றிக்கொண்டு போயிருக்கும். எத்தனை கட்டம் போடலாம் என்று டோக்கன் கிளார்க்கிடம் கேட்டேன்.

"இப்ப முப்பது நின்னாலே பெருசும்மா. தை பொறக்கட்டும், அப்பறம் பாருங்க" என்றார்.

வேலையைத் தள்ளிப்போடப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு முப்பது என்று எழுதினேன். அது மார்கழி. யாரும் புதிதாக வீடு கட்டத் தொடங்காத மாதம். வாசலில் பத்துப் பன்னிரண்டு லாரி நின்றால் அதிகம். புரோகிராம் பிசகில்லாமல் ஓடியது.

தை பிறந்து இரண்டாவது வாரம், ஏலாக்குறிச்சி டிரைவர் ஒருவர் ஜன்னலைத் தட்டினார். "நேத்துக் காலையிலேருந்து நிக்கறேங்க. அடுத்தது நாந்தான்னு இருந்தேன். இப்ப வந்தவன் உள்ள போயிட்டான். என்னங்க நியாயம் இது?"

திரையில் தேடினேன். அவர் நம்பரே இல்லை. அவருடைய முறையில், கடைசியாக வந்த லாரி உள்ளே போயிருந்தது. நம்பர்களை ஒற்றை விரலால் தட்டுகிறவர் டோக்கன் கிளார்க். எனக்கு வேறு சாட்சி எதற்கு? அன்றிலிருந்து அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ குடிக்கப் போனால் யாரோடு குடிக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். அந்த வாரத்தில் இன்னும் இரண்டு டிரைவர்கள் அதே புகாரோடு வந்தார்கள்.

அப்போதுதான் அவர் மேசைக்கு அடியில் அந்தப் பழைய கம்பியைக் கண்டேன். அன்றைய லாரிகளின் அட்டைகள் அதில் வரிசையாக இருந்தன.

"இது எதுக்கு சார் இன்னும்?"

"இல்லம்மா, மிஷின் சில சமயம் ஆள விட்டுடுது. அதான், ஒரு இதுக்கு இருக்கட்டும்னு..."

என் புரோகிராம் ஆளை விட்டுவிடுகிறதாம். எனக்குச் சுருக்கென்றது. இது கள்ள வரிசைதான் என்று முடிவுகட்டி மேனேஜரிடம் சொன்னேன். மறுநாளே அவரைச் சுண்ணாம்புக்கல் குவாரிக்கு மாற்றிவிட்டார்கள். கேட்டில் இருந்த நாற்காலியும் நிழலும் அங்கே கிடையாது. "வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான்காம் நாள் நானேதான் நம்பர்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றைத் தட்டிவிட்டு, அடுத்த லாரி எது என்று கேட்டேன். சற்றுமுன் தட்டிய அதே நம்பர் வந்தது. இப்போது யாரைச் சந்தேகப்படுவது? வெளியே போய் லாரிகளை எண்ணினேன். முப்பத்தொன்று. முப்பது கட்டமும் நிரம்பியிருந்ததால், முப்பத்தோராவது லாரி எல்லோருக்கும் முன்னால் நின்றவரின் கட்டத்தில் உட்கார்ந்து அவரை அழித்துவிட்டது. கட்டம் காலியா என்று பார்க்கும்படி நான் எழுதவே இல்லை.

அதைச் சரிசெய்ய இரண்டு வரி போதுமாயிருந்தது. அன்றே எழுதிச் சேர்த்தேன். மேனேஜரிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தேன். வேலை போய்விடும் என்று தினமும் பயந்தேன். ஒரு வாரம் கழித்து அவரே வந்தார்.

"பாத்தீங்களாம்மா, அந்த ஆளு போனதும் வரிசை எப்படி ஒழுங்காயிடுச்சு!"

"ஆமாங்க சார்" என்றேன்.

டோக்கன் கிளார்க் ஓய்வுபெறும் வரை குவாரியில்தான் இருந்தார். இப்போது என்னிடம் வேலை பார்க்கிறவர்கள், யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று வந்து நின்றால், முதலில் அவர்கள் எழுதிய புரோகிராமைக் காட்டச் சொல்கிறேன். நிதானமான ஆள் என்று என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். ஆனாலும் அந்தப் பழைய நாட்களில் ஒரே ஒருமுறையாவது அவர் ஓர் அட்டையை முன்னால் நகர்த்தியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் என் மனம் ஏங்குகிறது.