ஐம்பத்து மூன்றாவது நிமிடம்

ரெமி அண்ணன் போய்விட்டார். காலையில் ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் செய்தி வந்தது. தொண்டையில் கேன்சராம்... எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

ஒன்பது வருடமாகப் பக்கத்து மேஜை நான். எனக்கே தெரியாது.

அவரை அறியாதவர்களுக்கு: தூத்துக்குடியில் எங்கள் கப்பல் ஏஜென்சியில் போர்டிங் கிளார்க். ஹார்பரில் கப்பல் வந்து நின்றதும் பேப்பர்களோடு முதலில் ஏணி ஏறுகிற ஆள். இறங்கும்போது பையில் ஹார்ட் டிஸ்க் நிறைந்திருக்கும். மாலுமிகளிடம் கேட்டு வாங்கிய டாக்குமென்டரிகள்... எல்லாம் பங்க், ஆல்டர்நேட்டிவ் ராக் இசைக்குழுக்களைப் பற்றியவை.

நமக்கு மெலடிதான் ஓடும். அவர் போட்டுக் காட்டிய முதல் படத்திலேயே காதைப் பொத்திக்கொண்டேன்.

"ஏலே, பாட்ட விடு. நாலு பேரும் வேன்ல எப்படி உக்காந்துருக்கானுவன்னு பாரு. எவன் மொதல்ல குரூப்ப விட்டுப் போவான்னு அதுலயே தெரிஞ்சிரும்."

பார்த்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த கிடாரிஸ்ட்தான் விட்டுப் போனான்.

பென் டிரைவோடு எப்போதும் ஒரு துண்டுச்சீட்டு தருவார். அதில் எத்தனையாவது நிமிடம் என்று மட்டும் எழுதியிருக்கும். மனதில் இருப்பது வாயில் வராது அந்த மனிதருக்கு. அந்த நிமிடத்தைப் பார்த்தால் புரியும்.

அப்பா இறந்து நான் வேலைக்குத் திரும்பிய நாள். எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். இவர் மட்டும் பென் டிரைவை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். சீட்டில் 31. போட்டுப் பார்த்தால், மொட்டைத் தலை ட்ரம்மர் ஒருவன் செத்துப்போன அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடை ஏறுகிறான்.

பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இந்தப் பொங்கல் முடிந்து இன்னொன்று கொடுத்தார். சீட்டில் 53. அந்த வாரம் எனக்கு வரிசையாகக் கப்பல் வேலை... பையிலேயே கிடந்தது.

இரண்டு நாள் கழித்து, கம்மிய குரலில் கேட்டார். "பாத்தியாலே?"

"பாத்தேண்ணே."

"அம்பத்திமூணு?"

"சூப்பர்ணே. செம சீன்!" சும்மா அடித்துவிட்டேன்.

"சூப்பரா..." என்றார். "சரிலே. வாரேன்." முத்தையாபுரம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் லீவு போட்டார். திரும்ப வரவில்லை. போன் செய்தால் அவர் தங்கச்சிதான் எடுத்து, காய்ச்சல் என்பார். நானும் சரி என்று வைத்துவிடுவேன்.

இன்று காலை அந்தப் பென் டிரைவைத் தேடி எடுத்து, ஐம்பத்து மூன்றாவது நிமிடத்தைப் போட்டேன்.

வயதான பாடகர் ஒருவர் காரில் உட்கார்ந்திருக்கிறார். ஸ்டியரிங்கில் அவருடைய பழைய ட்ரம்மர். தொண்டையில் கட்டி என்கிறார் பாடகர். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறாயா என்று கேட்கிறார்.

இதைத்தான் நான் சூப்பர் என்றேன்.

வீட்டுக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு தடவையும் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போனார் என்றார் தங்கச்சி. "ஆபீஸ்ல யாரையாது கூட்டிட்டுப் போங்கண்ணேன்னு எத்தன தடவ சொன்னேன்... கேட்டுட்டேன்னு மட்டும் சொன்னாவ."

தங்கச்சி முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ரெமி அண்ணே... நான் அதப் பாக்கலண்ணே. பொய் சொன்னேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு மாதா கோயிலில் இருந்து எடுக்கிறார்கள். கல்லறை வரைக்கும் கூட வாரேன்.