தேமல் பார்க்க வந்தவர்

சாலவாக்கம் பக்கத்தில் நடவு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் சிட்டம்மாளைத் தெரியும். சேற்றில் முதல் ஆளாக இறங்குவாள். இடது கன்னத்தில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டால் மத்தியானம் வரை பசி தெரியாது என்பாள்.

1981 தீபாவளி சமயத்தில் அந்தக் கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது. வலி இல்லை, காரம் பட்டால் மட்டும் எரிந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வேலை கெடும். ஆனாலும் மூன்று முறை போனாள். மூன்று முறையும் வேறு வேறு ஆள் பார்த்தார்கள். ஒருவர் வைட்டமின் மாத்திரை கொடுத்தார். மற்ற இருவரும் ஊதா மருந்தைத் தடவி அனுப்பினார்கள். ஏற்கெனவே வந்தவள் என்பது யாருக்கும் தெரியவில்லை.

மாசி மாதம் தொழுநோய் இன்ஸ்பெக்டர் பாண்டுரங்கன் சைக்கிளில் வந்தார். வீடு வீடாகப் போய், யார் உடம்பிலாவது உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அவரைக் கண்டதும் சிட்டம்மாள் வைக்கோல் போருக்குப் பின்னால் போய்விட்டாள். தேமல் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யார் நடவுக்குக் கூப்பிடுவார்கள்?

மறுநாள் காலையில் அவர் திரும்பவும் வந்து நின்றார்.

"இன்னா சார், நேத்துதான பாத்துட்டுப் போனீங்க?" என்றார் அவள் புருஷன் பெருமாள்.

"இந்த வூட்ல நாலு பேர்னு ரிஜிஸ்டர்ல கீது. மூணு பேரத்தான் பாத்தேன். பாக்கி ஆளப் பாக்காம நான் அடுத்த ஊருக்குப் போவ முடியாது."

சிட்டம்மாள் தயங்கித் தயங்கி வந்தாள். கையிலும் முதுகிலும் தேமல் இல்லை. "உனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று எழுந்தவர், அவள் பேசும்போது தன் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொள்வதைக் கவனித்தார். வெயில் பக்கம் திரும்பி வாயைத் திறக்கச் சொன்னார்.

"எத்தினி நாளா கீது இது?"

"தீவாளிலேர்ந்து சார். மருந்து போட்டுக்கினுதான் கீறேன்."

"இது நான் பாக்கற நோயி இல்லம்மா. ஆனா இத சும்மா வுடக் கூடாது. காரப்பேட்டைக்குப் போவணும்."

காரப்பேட்டை என்றால் புற்றுநோய் ஆஸ்பத்திரி. "அங்க போனவங்க திரும்பி வர்றதில்லியே சார்" என்று அழுதாள்.

"லேட்டாப் போறவங்கதான் வர்றதில்ல. வெள்ளிக்கெழம எனக்குக் காஞ்சிபுரத்துல மீட்டிங். நானே இட்டுக்கினு போறேன்."

சொன்னபடி அவர்களோடு பஸ் ஏறினார். சீட்டு எங்கே வாங்குவது, எந்த வரிசையில் நிற்பது என்று எல்லாவற்றையும் உடனிருந்து காட்டினார். சதையில் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று உறுதியானது. நல்ல வேளை, கழுத்துக்கு இறங்கவில்லை. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். ஆறு வாரம் மிஷினில் படுக்க வைத்துக் கதிர்வீச்சு, ஊர்ப் பேச்சில் கரண்ட்டு, வைத்தார்கள். வாய் வெந்துபோய், கஞ்சியைக்கூட அழுதுகொண்டே விழுங்கினாள். பெருமாள் ஆஸ்பத்திரி மரத்தடியில் கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சினார்.

சிட்டம்மாள் பிழைத்தாள். புகையிலையை அதோடு விட்டாள்.

அதற்கப்புறம் பாண்டுரங்கன் போகிற வீடுகளிலெல்லாம் தேமலோடு வாயையும் பார்த்தார். அவருடைய ரிஜிஸ்டரில் அதற்குக் கட்டம் கிடையாது. ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வார். அப்படி இன்னும் இரண்டு பேரை நேரத்தோடு காரப்பேட்டைக்கு அனுப்பினார்.

1985இல் அவருக்குத் திருப்புட்குழிப் பக்கம் மாற்றலாகிவிட்டது. விசாரித்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, இடுப்பில் ஒரு பெரிய பறங்கிக்காயோடு சிட்டம்மாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"இவ்ளோ தூரம் இத ஏம்மா தூக்கிக்கினு வந்த?" என்று பதறினார் அவர்.

"எங்க வூட்டுக் கூர மேல காச்சது சார். இன்னும் நாலு கீது."