எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியாது

எனக்கு ஈரலில் வீக்கம் என்றுதான் மகன் சொன்னான். சென்னைக்குக் கூட்டிப் போனான். பெரிய ஆஸ்பத்திரி. தொடை இடுக்கில் சின்னதாகத் துளை போட்டு, அது வழியாகக் குழாய் விட்டு, ஈரலுக்கு மருந்து அனுப்பினார்கள். வலி பெரிதாக இல்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டரம்மா என் கட்டில் பக்கம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகன் முந்திக்கொண்டான்.

"எங்கிட்ட சொல்லுங்க மேடம். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

இருவரும் வராந்தாவுக்குப் போய்ப் பேசினார்கள். நான் புடவையை மடித்துப் பையில் வைத்தேன். அவன் அப்பா போனபிறகு நான் கரும்பு வெட்டிப் படிக்கவைத்த பிள்ளை. சர்க்கரை ஆலையில் வேலை. அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவேன்?

கச்சிராயபாளையத்துக்குக் காரில் வந்தோம். அவன் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். எனக்கு உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. பக்கத்தில் வந்தால் தோளில் சாய்ந்துகொள்ளலாம்.

"பின்னால வாயேன்டா."

"நீ காலை நீட்டிப் படும்மா."

பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் பாஸ்டர் ஜெபம் செய்ய வந்தார். எப்போதும் தலையில் கை வைத்து ஜெபிப்பவர். அன்று வாசற்படியைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கஞ்சியை ஜன்னலில் வைத்தாள். தன் பேரனை எங்கள் வாசல் பக்கமே விடவில்லை.

"இன்னாடி, எனக்கு அம்மையா போட்டிருக்குது?"

"ஒண்ணுமில்லக்கா. ரெஸ்ட் எடு" என்றாள். அதற்குள் பாதி தூரம் போய்விட்டாள்.

மகளைக் கரியாலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். முதல் பிள்ளை வயிற்றில். அவள் எப்போது வருவாள் என்று மகனைக் கேட்டேன்.

"மலை பஸ்ஸு குலுக்குமாம். வரமாட்டேன்னுட்டா."

சுருக்கென்றது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆனால் வந்தாள். மகன் வேலைக்குப் போயிருந்த நேரம். மேல்மூச்சு வாங்க, பையில் சாமை அரிசியோடு வந்து நின்றாள்.

"வரமாட்டேன்னியாமே?"

"யாரு சொன்னது? வூட்டுக்கு வெள்ளையடிக்கினு இருக்கோம், சுண்ணாம்பு நெடி உனக்கு ஆவாது, அடுத்த வாரம் வான்னு அண்ணன்தான் சொல்லுச்சு. எங்கம்மா வெள்ளையடிச்சீங்க? ஒட்டடைகூட அப்படியே தொங்குது."

"எங்கிட்ட ஒண்ணு, உங்கிட்ட ஒண்ணா? வரட்டும், அவனுக்கு அடிக்கறேன் வெள்ளை."

சிரித்தோம். அவளை என் கால்களுக்கு நடுவில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்தேன். சிக்கெடுத்தேன். பேன் பார்த்தேன். அப்புறம் ஒரே பாயில் படுத்தோம். என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

"உதைக்குது பாரும்மா."

உதைத்தது. அப்படியே தூங்கிப்போனோம்.

மகன் வந்துதான் எழுப்பினான். தங்கையின் கையைப் பிடித்து இழுத்தான்.

"எழுந்திருடி! எழுந்து தூரப் போ!"

அவள் திடுக்கிட்டுப் போய் மூலையில் நின்றாள்.

"இன்னாடா ஆச்சு உனக்கு?" என்றேன்.

அப்போதுதான் சொன்னான். வீக்கம் இல்லை, புற்று. உள்ளே அனுப்பியது கதிர் மருந்து. அந்தக் கதிர் கொஞ்ச நாளைக்கு உடம்பைத் தாண்டி வெளியே வரும். ஒரு வாரம் நான் தனியாகப் படுக்கவேண்டும். மாசமாக இருப்பவர்களும் குழந்தைகளும் கிட்டே வரக்கூடாது. மற்றவர்களும் கொஞ்சம் தள்ளியே இருக்கவேண்டும்.

"பாஸ்டருக்குச் சொன்னியா?"

"சொன்னேன்."

"பக்கத்து வூட்டுக்கு?"

"சின்னப் புள்ள இருக்குதுல்ல. சொன்னேன்."

"எங்களுக்கு ஏன்டா சொல்லல?"

"புத்துன்னு தெரிஞ்சா நீ மனசு வுட்டுடுவ. இவ வயித்துப்புள்ளக்காரி. பயந்துட்டான்னா?"

எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். சீக்காளிக்கும் சூலிக்கும் கெட்ட சேதி சொல்லமாட்டார்கள். தெருவுக்கே தெரிந்தது. தெரிய வேண்டிய இரண்டு பேர் ஒரே பாயில் படுத்திருந்தோம்.

மகள் அழவில்லை. இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள். நான் கை வைத்த இடம். போகும்போது தூரத்திலிருந்தே தலையாட்டினாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் எங்களைக் கூப்பிட்டபோது மகன் முன்னால் எழுந்தான்.

"நீ வெளிய உக்காரு" என்றேன்.

"உனக்குப் புரியாதும்மா."

"புரியலன்னா திரும்பக் கேக்கறேன்."

டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். எவ்வளவு நேரம், எவ்வளவு கிட்டே என்று கேட்டார். மருந்து பெரும்பாலும் ஈரலிலேயே தங்கிவிடும், வெளியே வருவது கொஞ்சம்தான், அந்த ஒரு மத்தியானத்தால் பிள்ளைக்குக் கெடுதல் வரும் என்று பயப்பட வேண்டாம் என்றார். தள்ளி இருக்க வேண்டிய நாளெல்லாம் முடிந்துவிட்டது, இனி யாரும் பக்கத்தில் வரலாம் என்றார்.

"அன்னிக்கே உங்ககிட்ட பேசியிருக்கணும்மா. சொல்லிக்கிறேன்னு உங்க பையன் சொன்னாரு."

"ஒடம்பு என்னுதுங்க மேடம். இனிமே எங்கிட்டயே சொல்லுங்க."

வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன். "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான்.

தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரவில்லை. மாமியார் வீட்டிலிருந்தே போய்ப் பெற்றுக்கொண்டாள். பெண் குழந்தை. ஒரு குறையும் இல்லை.

போன வாரம் மகனின் போன் அடித்தது. சத்தமாக வைத்திருந்தான்.

"அண்ணா, பாப்பாவைத் தூக்கினு வரேன். அம்மா மடியில குடுக்கலாமா?"

நான் எதிரில்தான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். நான் நிமிரவில்லை.

"குடுக்கலாம்" என்றான்.

காயை நறுக்கி முடித்தேன். எழுந்து கை கழுவிவிட்டுப் பாயைத் தட்டிப் போட்டேன்.