சாப்பிட்ட பிறகு சொன்ன செய்தி

ஒரு சிக்கன் சாண்ட்விச், பக்கத்தில் குவியலாக உருளைக்கிழங்கு வறுவல், ஒரு கிளாஸ் பீர். நியூ ஜெர்சியில் கால்வாய்க் கரையோரம் இருந்த ஒரு கிராமத்து பாரில், சனிக்கிழமை மதியம் நான் சாப்பிட்டவை இவை. என் கல்யாணச் சாப்பாடுகூட இவ்வளவு துல்லியமாக நினைவில் இல்லை. அப்போது கோவில்பட்டியில் என் அப்பா இறந்து ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த எங்கள் டீம் லீடுக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் பாதி அது. வெஸ்ட் வின்ட்சரில் தனியாக இருந்தேன். வீட்டில் இருந்தது ஒரே போன் லைன். இன்டர்நெட்டில் உட்கார்ந்தால் போன் எங்கேஜ்டு. அன்று எழுந்ததும் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க உட்கார்ந்துவிட்டேன். ஊரிலிருந்து தம்பி அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, அவசரத்துக்கு என்று நான் கொடுத்துவைத்திருந்த லீடின் வீட்டு நம்பருக்குப் பேசியிருக்கிறான். நான் நெட்டை அணைத்த கொஞ்ச நேரத்தில் லீட் கூப்பிட்டார். "தம்பி, கெளம்பி இருங்க. ஒரு வாக் போயிட்டு வரலாம்."

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். லீட் கரூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தெருமுனைத் தபால் பெட்டிக்குக்கூடக் காரில் போகிற மனிதர். அவர் நடக்கலாம் என்கிறார் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது. எனக்குத் தோன்றிய விஷயம் வேறு. என் க்ரீன் கார்டு விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருந்தது. வேலையைவிட்டுத் தூக்கப்போகிறார்கள், அதை ஆபீஸில் சொல்ல மனமில்லாமல் இங்கே கூட்டிவந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

காரைப் பாலத்தருகே நிறுத்திவிட்டுக் கால்வாயை ஒட்டிய மண்பாதையில் இறங்கினோம். ஒரு பக்கம் அசையாத பச்சைத் தண்ணீர், மறுபக்கம் அறுவடை முடிந்த சோளக்காடு. இலையெல்லாம் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. "நம்மூரு ராஜவாய்க்கா மாதிரியே இருக்குதுங்க" என்றார். ஷூ கயிறு கட்ட இரண்டு முறை குனிந்தார். இரண்டு முறையும் கயிறு அவிழ்ந்திருக்கவில்லை. "அப்பாவுக்கு என்ன வயசாச்சுங்க?" என்று கேட்டார். அறுபத்துநாலு என்றேன். "ம்" என்றார்.

பாதை முடிகிற இடத்தில் பத்துப் பதினைந்து வீடுகள், ஒரு சர்ச், அந்த பார். உள்ளே உட்கார்ந்ததும் எனக்குச் சாப்பாடு சொல்லிவிட்டுத் தனக்குத் தண்ணீர் மட்டும் கேட்டார். வேலையைவிட்டுத் தூக்குகிறவர் இப்படி உபசரிக்க மாட்டார் என்று எனக்குத் தெம்பு வந்தது. நன்றாகச் சாப்பிட்டேன். தட்டில் பாதி வறுவல் மிச்சம் இருக்கும்போது, "வயிறு நெறஞ்சுதுங்களா?" என்றார். தலையாட்டினேன்.

"அப்பா தவறிட்டாருங்க தம்பி."

நம் பக்கத்தில் சாவுச் செய்தியைப் பசியோடு இருப்பவனிடம் சட்டென்று சொல்ல மாட்டார்கள். கேட்டபின் எடுக்கும்வரை ஒரு வாய் இறங்காது என்று முதலில் சாப்பிடவைப்பார்கள். அவரும் அதைத்தான் செய்திருக்கிறார். ஆனால் இன்னொன்றும் செய்திருந்தார். "ஐஸ் பெட்டியில வெச்சு அண்ணனுக்காகக் காத்திருக்கட்டுமான்னு உங்க தம்பி கேட்டாருங்க. வேண்டாம்னு நானே சொல்லிப்போட்டேன். கவர்மென்ட் லெட்டர் வராம நீங்க நாட்டை விட்டுப் போனா க்ரீன் கார்டு கேன்சலுங்க. இவ்வளவு வருசமும் வீணாப்போகும்."

அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் என்பார்கள். கொள்ளிவைக்க வேண்டியவன் நான். அவர் ஊருக்குப் போன் பேசுகிற காலிங் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "காலைலதான் எடுக்கறாங்க. இன்னும் மாத்திக்கலாமுங்க. நீங்க வரேன்னு சொன்னா சாயங்கால ஃப்ளைட்டுல நானே ஏத்திவிடறேன்."

அழுகை வரவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: நிம்மதி. என் சார்பில் யாரோ முடிவெடுத்துவிட்டார்கள் என்ற நிம்மதி. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. கழிப்பறைக்குப் பக்கத்தில் சுவரில் போன் இருந்தது. நீளமான நம்பர்களை அழுத்தினேன். தம்பி எடுத்து அழுதான். அம்மா ஏதாவது சாப்பிட்டாளா என்று கேட்டேன். "அப்போ நீ வரலியா அண்ணே?" என்றான்.

"லீட்தான் சொல்லிட்டாரேடா" என்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். கார் நாலு மைலுக்கு அந்தப் பக்கம் நின்றது. வந்த வழியே நடந்தோம். அப்போது என்ன யோசித்தேன் என்று எவ்வளவு முயன்றாலும் நினைவுக்கு வரவில்லை. சோளக்காட்டில் வாத்துகள் இறங்கியிருந்தன, அவ்வளவுதான்.

க்ரீன் கார்டு வந்தது. ஊருக்குப் போனபோது அம்மா என் முகத்தைத் தடவிச் சொன்னாள்: "நீ பறந்து வந்துருப்பய்யா. அந்தக் கரூர்க்காரன்லா கெடுத்தான்." நான் மறுக்கவில்லை. அவளுக்கு அது ஆறுதல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் அம்மா என்னிடம் வந்திருந்தாள். லீட் அதற்குள் டெக்ஸாஸுக்கு, காப்பெலுக்கு, மாறிப் போயிருந்தார். வேலையாக இந்தப் பக்கம் வந்தவர் அம்மாவைப் பார்க்கப் பழங்களோடு வந்தார். இன்னார் என்று தெரிந்ததும் அம்மா சுற்றிவளைக்காமல் கேட்டாள்: "ஏன்யா, எம்புள்ளைய ஏன் தடுத்தீரு? அவன் கையால கொள்ளி வாங்காமப் போயிட்டாரே அவரு."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். "தப்புத்தானுங்கம்மா. நான் சொல்லியிருக்கக் கூடாதுங்க."

காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்த நான், "சர்க்கரை போதுமா பாருங்க" என்றேன்.