நடுவில் ஒரு கம்பம்

ஆண்டியப்பனின் இரண்டு மாடுகளும் வண்டில் மாடுகளாக வளர்ந்தவை அல்ல. விசுவமடுவில் சிற்றம்பலம் என்ற கமக்காரரின் நெற்களத்தில் வருடக்கணக்காகச் சூடு மிதித்து நெல்லை உதிர்த்தவை. களத்தின் நடுவே ஒரு மரம் நட்டிருக்கும். அதைச் சுற்றி வெட்டிய நெற்கதிர்களைப் பரப்பி, மாடுகளின் வாய்க்குக் கூடு கட்டி, மரத்தை வலமாகச் சுற்ற விடுவார்கள். ஆண்டியப்பன் பின்னால் நின்று ஓட்டுவார். மிதித்தது போதும் என்றதும் அவர் மனைவி வீரம்மா களத்தின் ஓரத்தில் ஒரு பிடி வைக்கோலை நீட்டிக்கொண்டு நிற்பார். அதைக் கண்டால்தான் மாடுகள் வட்டத்தை விட்டு வெளியே வரும்.

எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு வெறுங்கையோடு வந்த அந்த இருவருக்கும் வன்னியில் கிடைத்த முதல் வேலை அந்தக் களத்தில்தான். எண்பத்தொன்றில் சிற்றம்பலம் ட்ரக்டர் வாங்கினார். உழவும் அதுவே, சூடும் அதுவே.

"மாட்டை நீயே கொண்டு போ. பழைய வண்டில் ஒண்டும் கிடக்குது," என்று கொடுத்துவிட்டார்.

அயல் கமக்காரர்களின் நெல்லை மில்லுக்கு ஏற்றுவது ஆண்டியப்பனின் பிழைப்பாயிற்று. சொந்த நிலம் இல்லை. பிள்ளைகளும் இல்லை. மாடு நடந்தால்தான் உலை கொதிக்கும்.

மில் பட்டணத்தின் மறுபக்கத்தில் இருந்தது. போக ஒரே வழி, சந்தியைக் கடப்பதுதான். அந்த வருடம் அந்தச் சந்தியில் சுற்றுவட்டம் கட்டினார்கள். இரண்டு பஸ் ஒருநாளும் ஒன்றாக வந்து சேராத சந்தி அது. ஆனாலும் வீதி வேலைகளுக்குப் பொறுப்பான பட்டணசபை ஓவசியர் யோகலிங்கம் கொழும்பில் கண்டதை மறக்கவில்லை. வெள்ளையடித்த கல்விளிம்பு, உள்ளே அவர் தன் கையால் பதித்த புல், 'புல்லைத் தொடாதீர்' என்றொரு பலகை, நடுவில் விளக்குக் கம்பம். விளக்கு பிறகு வரும் என்றார். கோயிலுக்குப் போகிற பெண்கள் சிலர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்கள்.

ஆண்டியப்பனின் மாடுகள் கம்பத்தைக் கண்டன. அதை வலமாகச் சுற்றத் தொடங்கின. மில் வீதியின் வாயைத் தாண்டின. மறுசுற்றிலும் தாண்டின. மூக்கணாங்கயிற்றை இழுத்தார், இரத்தம் கசிந்ததே தவிர மாடுகள் வட்டத்தை விடவில்லை. இறங்கி முன்னால் வந்தார். பின்னால் ஓட்டுபவர் இல்லை என்றதும் இரண்டும் நடுவீதியில் நின்றுவிட்டன. பின்னால் வந்த பஸ் ஹோனை அடித்துக்கொண்டே இருந்தது.

"அண்ணை, நேர்த்தி ஏதும் இருக்கோ?" என்று கூவினான் தேநீர்க்கடைச் சின்னராசா. "நூற்றெட்டும் முடிச்சிட்டுத்தான் போவியளோ? கற்பூரம் நான் தாறன்."

யோகலிங்கம் குடையோடு வந்தார். "ஆண்டியப்பன், இது வீதி. உன்ர களம் இல்லை."

"எனக்குத் தெரியுதுங்கையா. அதுங்களுக்குத் தெரியல."

"இனி ஒரு சுத்துக்கு மேல சுத்தினால் உன்ர வண்டில் பட்டணத்துக்குள்ள வரேலாது. சொல்லிப்போட்டன்."

அன்று மாலை கதை முழுவதையும் கேட்ட வீரம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வைக்கோலு யாரு காட்டுனா?"

"யாரும் காட்டல."

"அப்புறம் எப்படிங்க வரும்?"

அடுத்த பாரத்தோடு வீரம்மாவும் போனார். சந்திக்கு முன்னால் இறங்கி நடந்து, மில் வீதியின் வாயில் ஒரு பிடி வைக்கோலோடு நின்றார். மாடுகள் பாதிச்சுற்று வந்து, தலையை உயர்த்திப் பார்த்து, நேரே அவர் கைக்கு வந்தன. பார்த்துக்கொண்டு நின்ற ஓவசியர், "இதுக்கு நான் பிளானிலை இடம் விடேல்லை," என்றார்.

அதன் பிறகு நெல் போகும் நாளெல்லாம் வீரம்மா அங்கே நின்றார். வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். பஸ்காரர்கள் அவரைக் கண்டால் வேகத்தைக் குறைத்தார்கள். கம்பத்துக்கு விளக்கு வரவில்லை.

அடுத்த மாசியில், அறுவடை நேரத்தில், அவருக்குக் காய்ச்சல் கண்டது. வவுனியா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

கருமாதி முடிந்த மறுநாள் ஆண்டியப்பன் மூட்டைகளை ஏற்றினார். இந்தக் கிழமை வராவிட்டால் வேலையை ட்ரக்டர்காரனுக்குக் கொடுப்பதாக மில்லிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சந்தியில் மாடுகள் கம்பத்தைக் கண்டன. ஆண்டியப்பன் கயிற்றை இழுக்கவில்லை. மில் வீதியின் வாய்க்கு வந்ததும் இரண்டும் நடையைத் தளர்த்தின. அங்கே யாரும் இல்லை. தாண்டிப் போயின. சின்னராசா கடை வாசலில் கிளாசைப் பிடித்தபடி நின்றான். ஒரு சுற்று முடிந்தது.

வட்டத்தின் ஓரத்தில் நின்ற யோகலிங்கம் குடையை மடக்கினார். கல்விளிம்பைத் தாண்டி உள்ளே போனார். பலகைக்குப் பக்கத்தில் குனிந்து, கை கொண்ட மட்டும் புல்லை வேரோடு பிடுங்கினார். செம்மண் உதிர உதிர ஓடிப்போய் மில் வீதியின் வாயில் நின்று, புல்லைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார்.

மாடுகள் வந்துகொண்டிருந்தன.

"கையை இறக்குங்கையா," என்றார் ஆண்டியப்பன். "வயித்தளவுக்கு. அவ அப்படித்தான் புடிப்பா."

ஓவசியர் கையை இறக்கினார். மாடுகள் மில் வீதிக்குள் திரும்பின.